6,400 கோடியை போர்டில் வரவழைப்பது எப்படி: ஆராய்ச்சிப் படிப்பு நேர்முகத்தில் பட்ட பாடு

"சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உன் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு எத்தனை போகும்?"

பி.எச்.டி. நேர்முகம் ஒன்றில் எனக்கு விழுந்த முதல் கேள்வி இது. (நியூட்ரினோ என்பது எதையும் ஊடுருவிப் போய்விடும் நுண்துகள்.) பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். "ஏறத்தாழ 6,500 கோடி" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பேராசிரியர் சிரித்தபடி சாக்பீஸை நீட்டினார். அது எப்படி வந்தது என்று போர்டில் காட்டச் சொன்னார்.

பத்து நிமிடம் போர்டு முன்னால் நின்றேன். சூரியனின் நிறை, ஆரம், வெப்பநிலை என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. அந்த ஆண்டு அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பும் ரயிலில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நான்கே வரியில் முடிந்தது அந்தக் கணக்கு. பூமியருகே ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,360 ஜூல். நான்கு புரோட்டான்கள் ஒரு ஹீலியமாகும்போது வெளிவருவது 26.7 மெகா எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 4.28×10⁻¹² ஜூல். கூடவே இரண்டு நியூட்ரினோக்கள். வகுத்து இரண்டால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 6.4×10¹⁴ வரும். சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு நகத்துக்கு, மாற்றினால் 6,400 கோடி; நான் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில்தான். சூரியனின் நிறையும் தேவையில்லை, ஆரமும் தேவையில்லை. ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வானியற்பியலா, நியூட்ரினோவா, குவாண்டம் ஒளியியலா, எதற்குள் போவது என்று எம்.எஸ்சி. படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். முதலாண்டிலேயே முடிவெடுத்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. இந்த மூன்றும் நாம் நினைக்கிற அளவுக்குத் தனித்தனி வீடுகள் அல்ல. நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறி மாறி ஆடுவதும், லேசர் ஒளியில் ஓர் அணு கீழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் இடையே ஆடுவதும், எளிமையாகப் போட்டால், ஒரே 2×2 அணிதான் (மேட்ரிக்ஸ்). அதை ஒருமுறை ஒழுங்காகத் தீர்த்தவர் இரண்டு பக்கமும் போகலாம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலர் இ.சி.ஜி. சுதர்சன் போயிருக்கிறார். 1957-இல் தன் வழிகாட்டி மார்ஷாக்குடன் சேர்ந்து, நியூட்ரினோ உணரும் மென்விசைக்கு வி–ஏ என்ற கொள்கை; 1963-இல் ஒளியின் குவாண்டம் நிலைகளை எழுத ஒரு புதிய வழி. பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

எனக்கு ஆசை வந்த வழி கொஞ்சம் வேறு. எங்கள் ஊர் போடிப் பக்கம். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. மாமா ஒருநாள் கேட்டார்: "ஏன் மாப்ள, அது வந்தா நம்ம கெணறு வத்திப்போகும்ங்கிறாய்ங்களே, நெசமா?" நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது, எல்லாவற்றையும் ஊடுருவிப் போய்விடும் என்று நான் அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். மாமா கேட்டது நியூட்ரினோவைப் பற்றியே அல்ல. கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையை வெடிவைத்துக் குடைவதைப் பற்றி. அதற்குப் பதில் பாறையும் நிலத்தடி நீரும் தெரிந்தவரிடம்தான் இருக்கும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் இந்தப் பழக்கம் நேர்முகத்திலும் என்னைப் படுத்தியது.

தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து போனால் இந்த ஆய்வகம் பற்றிக் குழு கேட்கக்கூடும். என்னிடம் இரண்டு இடத்தில் கேட்டார்கள். அரசியலுக்குள் போகாமல், அதன் கருவிக்குத் திட்டமிட்ட 50,000 டன் இரும்பு எதற்கு, மலைக்கு அடியில் ஏன் என்று சொல்லத் தெரிந்தால் போதும். காஸ்மிக் கதிர்களில் வரும் மியூவான் என்ற துகள்களைப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், 1965-இலேயே வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டியதும் இதே உத்தியால்தான்.

இயற்பியல் ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜெஸ்ட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நான் எழுதியபோது 3 மணி நேரம், 50 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் எண்ணாக விடையெழுதும் 10 கேள்விகளுக்குத் தலா 3 மதிப்பெண், தவறானால் கழிப்பதில்லை. எல்லோரும் அதைக் கடைசிக்கு வைப்பார்கள். நான் அதை முதலில் எடுத்தேன். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். ஆண்டுக்காண்டு அமைப்பு மாறலாம், அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

தேர்வைவிட எனக்குக் கைகொடுத்தது அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. இரண்டு மாதம் ஒரு குவாண்டம் ஒளியியல் ஆய்வகத்தில் இருந்தேன். 405 நானோமீட்டர் ஊதா லேசரை பி.பி.ஓ. (பேரியம் போரேட்) படிகத்தில் செலுத்தினால், அபூர்வமாக ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாகப் பிரியும். அந்த ஜோடியை இரண்டு டிடெக்டர்களில் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். கேட்க எளிது. கண்ணாடியைத் திருகித் திருகியே மூன்று வாரம் போனது. அறையைக் கறுப்புத் துணியால் மூடி, கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தைக்கூட மறைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு ராத்திரி நொடிக்கு 27 ஜோடிகள் என்று திரை காட்டியது. துள்ளிக் குதித்தேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தற்செயலா சேர்ந்து வர்றது எவ்வளவுப்பா?" என்றார். கணக்குப் போட்டேன். ஒவ்வொரு டிடெக்டரிலும் நொடிக்கு 50,000, ஒரே நேரம் என்று நாங்கள் வைத்திருந்த இடைவெளி 10 நானோ நொடி. மூன்றையும் பெருக்கினால் 25. நான் கொண்டாடியதில் பெரும்பகுதி வெறும் தற்செயல். மீதி இரண்டு நம்புகிற அளவுக்கு இல்லை. திரும்பவும் திருகாணி. ஐந்தாம் வாரத்தில்தான் எண் நூற்றைத் தாண்டியது. அந்த 25-ஐ நானே போட்டதால், இந்தமுறை அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது.

வானியற்பியலுக்குப் போகிறவர்களுக்கும் இப்படிப்பட்ட வேலை இருக்கிறது, ஆய்வகம்கூட வேண்டாம். 1987 பிப்ரவரி 23-இல் ஒரு விண்மீன் வெடிப்பிலிருந்து ஜப்பானின் கமியோகாண்டே ஆய்வகம் பிடித்த 11 நியூட்ரினோக்கள் 13 நொடிக்குள் வந்தன. நேரமும் ஆற்றலும் அச்சில் கிடைக்கின்றன. வழி 1.6 லட்சம் ஒளியாண்டு. நியூட்ரினோவுக்கு நிறை அதிகம் இருந்தால் ஆற்றல் குறைந்தவை எவ்வளவு பிந்தியிருக்கும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் அதுவும் நல்லதே, எந்த இடத்தில் பாடம் ஓட்டை என்று தெரியும்.

மறு ஆண்டு இன்னொரு நேர்முகம். பிடித்த பாடம் எது என்று கேட்டார்கள். முதல்முறை பெருமைக்குத் துகள் இயற்பியல் என்று சொல்லி மாட்டியவன், இம்முறை புள்ளியியல் இயக்கவியல் என்றேன். உடனே ஒருவர், சாதாரண விளக்கின் ஒளியில் ஃபோட்டான்கள் ஏன் கூட்டமாக வருகின்றன என்றார். ராணுவத் தேடுவிளக்குகளின் கண்ணாடிகளை வைத்து 1956-இல் ஹான்பரி பிரவுனும் ட்விஸும் சிரியஸ் விண்மீனின் கோண விட்டத்தை அளந்த கதை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. சாக்பீஸை எடுத்தேன். வெப்ப ஒளியின் செறிவு அடுக்குக்குறிப் பரவலில் இருக்கும் என்று எழுதி, செறிவின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தேன். சராசரியின் வர்க்கத்தைப்போல் இரண்டு மடங்கு வந்தது, அதுதான் அந்தக் கூட்டம். லேசருக்கு அந்த மடங்கு? ஒன்று. ஒற்றை அணுவுக்கு? சுழியம், ஒரு ஃபோட்டானை விட்ட அணு உடனே இன்னொன்றை விட முடியாது. என் ஆங்கிலம் அன்றும் தடுமாறத்தான் செய்தது. எழுதிக்கொண்டே பேசியதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கதையையும் கடைசியில் அவர்களே கேட்டார்கள்.

வீட்டில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இங்கே நாம் படிக்கப் பணம் கொண்டு போவதில்லை, அவர்கள் தருகிறார்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதத்துக்கு 37,000 ரூபாய் ஆனது. ஆனால் முதல் தொகை கைக்கு வர இரண்டு மூன்று மாதம் இழுக்கலாம். எனக்கு இழுத்தது. மெஸ் பில்லும் விடுதி முன்பணமும் அதுவரை காத்திருக்காது. போடியில் பஸ் ஏறும்போது மாமா சட்டைப்பையில் திணித்த பத்தாயிரத்தில்தான் என் முதல் இரண்டு மாதம் ஓடியது.