ஒச்சோ பழகியது போதும், நடக்கிறேன்

டாங்கோ என்ற ஜோடி நடனம் கற்கத் தொடங்கி இந்த மாதத்தோடு இரண்டு வருடம். போன வருடம் பாதி வரை வாரத்துக்கு மூன்று வகுப்பு. வேலை முடிந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கினால், பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக்கூடப் போகாமல் வகுப்புக்கு ஓடுவேன். இப்போது வகுப்பு மாதத்துக்கு ஒன்று. சனிக்கிழமை மிலோங்காவை மட்டும் விடுவதில்லை. மிலோங்கா என்றால் டாங்கோ ஆடுகிறவர்கள் கூடும் இரவு. மேடை கிடையாது, வந்தவர்கள்தான் ஆடுவார்கள்.

சின்ன வயதில் எட்டு வருடம் பரதம் கற்றேன். அரைமண்டி கொஞ்சம் எழும்பினாலும் தட்டுக்கழி நின்றுவிடும். அதே பழக்கத்தோடுதான் டாங்கோவுக்கும் போனேன். ஒச்சோ என்று ஓர் அசைவு: ஒற்றைக் காலில் நின்று இடுப்பைத் திருப்பி, தரையில் எட்டு போடுவது. ஸ்பானிய மொழியில் ஒச்சோ என்றாலே எட்டுதான். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் தினமும் அதைப் பழகினேன். வீடியோ எடுத்து, குதிகால் சேரவில்லை, தோள் சாய்கிறது என்று நோட்டில் குறித்தேன். ஓர் ஆசிரியர் நெஞ்சை முன்னால் கொண்டுவரச் சொல்வார். இன்னொருவர் அதையே தவறு என்பார். மிலோங்காவில் ஆடும்போது பாட்டு காதில் ஏறாது. அடுத்து எந்த அசைவு வருமோ என்ற பயம்தான் இருக்கும்.

போன ஜூலையில் ஒரு சீனப் பெரியவரோடு ஆடினேன். எழுபதைத் தாண்டியவர். டாங்கோவில் பக்கத்தில் வந்து கூப்பிடுவது வழக்கமில்லை. தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார்கள், நாமும் அசைத்தால் சரி என்று பொருள். விருப்பமில்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம், யார் முகமும் வாடாது. கபெசெயோ என்று பெயர். எவ்வளவு நாகரிகமான வழக்கம்!

கார்லோஸ் தி சார்லி என்ற பழைய டாங்கோ இசைக்கலைஞரின் குழு வாசித்த பதிவு ஒலித்தது. பெரியவர் நான்கு பாட்டுக்கும் நடந்தார், அவ்வளவுதான். சுழலவில்லை, காலை வீசவில்லை. வயலின் இழுத்து நிற்கும் இடத்தில் அவரும் நின்றார். அவர் மூச்சு இழுப்பது என் நெஞ்சில் தெரிந்தது. அது இறங்கும்போது இருவரும் அடி வைத்தோம். மூன்றாவது பாட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். எது வலது, எது இடது என்ற கணக்கே போய்விட்டது. ஒரே குழுவின் பாட்டுகளை இப்படிச் சேர்த்துப் போடுவதைத் தண்டா என்பார்கள். அது முடிந்து, ஜோடிகள் பிரிவதற்கான துண்டு இசை வந்த பிறகும் எனக்கு நகர மனமில்லை.

அப்புறம் நோட்டு எழுதவில்லை. பாட்டு கேட்கிறேன், சமைக்கும்போது. ‘தாளத்தின் அரசன்’ என்று பட்டம் பெற்ற டாங்கோ இசைக்குழுத் தலைவர் ஹுவான் தாரியென்சோவைப் போட்டால் காய் நறுக்கும் கத்தி தானாக ஒத்துப்போகும். வால்ஸ் வந்தால் தகிட தகிட, நமக்குத் தெரிந்த திஸ்ரம். டாங்கோ பாட்டுகளில் ஒலிக்கும் பண்டோனியோன், ஜெர்மனியிலிருந்து அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரெஸுக்குப் போன கருவி. ஆர்மோனியம் போலவே காற்றில் அதிரும் நாக்குகள்தான் அதற்குள்ளும். பஜனை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரல் அந்நியமாகப் படவில்லை.

வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடை, அணைப்பு, நெரிசலில் யாரையும் இடிக்காமல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவது, இதெல்லாம் ஆசிரியர் காட்டித்தான் வந்தது. ஒச்சோ இடது காலில் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. ஆடட்டும்.

போன சனிக்கிழமை எட்டுத் தண்டா. அதில் ஒன்று, சேர்ந்து மூன்றே மாதமான ஒரு பையனோடு. ஒவ்வோர் அடிக்கும் ‘சாரிக்கா’ என்றார். “பாட்டைக் கேளுங்க தம்பி, நடந்தா போதும்” என்றேன். இரண்டாவது பாட்டின் நடுவில், இறுகிக் கிடந்த அவர் தோள் மெல்ல இறங்குவது என் இடது கைக்குத் தெரிந்தது.