பத்தாம் மாதத்து அடுப்படிக் குறிப்புகள்

ஜூன் 3, திங்கள்

பாப்பாவுக்கு இன்றோடு பத்து மாதம் நிறைவு. எடை 8.5 கிலோ. கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்தால், ஒரு வேளைக்கு வயிறு கொள்வது ஏறக்குறைய 250 மில்லி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 9 முதல் 11 மாதம் வரை மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்கு 300 கலோரியாவது வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

ஒரு டேபிள்ஸ்பூன் ராகி மாவு, அதாவது 10 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் 32 கலோரி தேறும். வயிறு முக்கால்வாசி நிறைந்துவிடும், உள்ளே போனதோ தண்ணீர்தான். மூன்று வேளை கொடுத்தாலும் நூறைத் தொடாது. "நல்லாத்தான் குடிக்குது, எடைதான் ஏற மாட்டேங்குது" என்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கஞ்சி எவ்வளவு கெட்டி என்பதை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

கெட்டி வேண்டும் என்று மாவை மட்டும் கூட்டினால் களியாகிவிடும், விழுங்க முடியாது. அதற்குத்தான் முளைகட்டுவது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி உண்டாகி, மாவுச்சத்தின் நீண்ட இழைகளை வெட்டிவிடும். அதே தம்ளர் தண்ணீரில் மூன்று பங்கு மாவு போட்டாலும் கஞ்சி கரண்டியில் எடுக்கும் பதத்திலேயே நிற்கும்.

ராகி அரை கிலோ. கேழ்வரகில் பொடிக்கல் அதிகம், ஐந்து தடவையாவது களைந்து அரிக்க வேண்டும். இரவு 9 மணிக்கு ஊறப்போட்டாயிற்று.

ஜூன் 5, புதன்

காலை 7 மணிக்கு வடித்து, நீர் சொட்டுவது நிற்கும் வரை வடிதட்டிலேயே அரை மணி. பிறகு ஈர வெள்ளைத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டது. இந்த வெயிலுக்கு 24 மணி நேரம் போதும். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்கலாம். ஊற்றினால் ராகி சளசளத்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிக்கும். அப்படியானால் கழுவிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். பூஞ்சை கண்டாலும் அதே கதிதான்.

ஜூன் 8, சனி

வியாழன் காலை மூட்டையைப் பிரித்தபோது வெள்ளை முளை எள்ளளவு. அதற்கு மேல் வளரவிட்டால் கசக்கும். நேற்று மாலை வரை மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்ந்தது. பல்லில் கடித்தால் 'டிக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் உள்ளே ஈரம், மாவு ஒரு வாரத்தில் கெட்டுவிடும்.

ஐம்பது கிராமைத் தனியே எடுத்து வறுக்காமல் அரைத்தது. மீதியைச் சின்னத் தீயில், வாசனை வரும் வரை மட்டும் வறுத்து, உள்ளங்கையில் தேய்த்து முளையை உதிர்த்து, அரைத்துச் சலித்தாயிற்று. சிவக்க வறுத்தால் மணம் தூக்கும், ஆனால் நொதி செத்துவிடும், கஞ்சி பழையபடி களிதான்.

மாவு 3 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 200 மில்லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், மத்து போட்டுக் கடைந்தாலும் நடுவில் மாவு வேகாது. எட்டு நிமிடம் கிளறி, இறக்கியபின் ஒரு டீஸ்பூன் நெய். கிட்டத்தட்ட 140 கலோரி. முதல் நாள் கணக்கோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு.

அந்த வறுக்காத மாவு எதற்கு? அரிசிக் கஞ்சியோ ரவையோ இறுகிப்போனால், அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, கால் டீஸ்பூன் இதைக் கலக்கவும். கொதிக்கும்போது போட்டால் நொதி வேலை செய்யாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியின் பின்னால் இழுபட்ட கோடு மறையத் தொடங்கும், பசை இளகி வழியும். பச்சை மாவு என்பதால் மறுபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

பருப்புச் சாதம். பச்சரிசி 2 டேபிள்ஸ்பூன், பாசிப்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், பரங்கிக்காய் இரண்டு துண்டு, தண்ணீர் 180 மில்லி. இவ்வளவு கொஞ்சத்தைக் குக்கரில் நேரே வைத்தால் அடிப்பிடிக்கும். சின்னக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்து ஐந்து விசில், ஆவி தானாக அடங்க வேண்டும்.

சூட்டோடு மத்தால் மசிப்பதுதான் முறை, ஆறினால் அரிசி விறைத்துக் கட்டியாகும். மிக்ஸி வேண்டவே வேண்டாம். வெந்த சாதத்தை மிக்ஸியில் ஓட்டினால் கோந்து மாதிரி ஆகி மேலண்ணத்தில் ஒட்டும். அதைவிட முக்கியம், மெல்லும் பழக்கம். ஒன்பது, பத்து மாதத்தில் பருக்கையை நாக்கு பழகாவிட்டால், ஒன்றரை வயதில் ஒரு பட்டாணிக்கே ஓங்கரிக்கும். பல் இல்லையே என்று கேட்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுங்குவது எதுவானாலும் ஈறும் நசுக்கும்.

ஜூன் 12, புதன்

முட்டை. பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்து, முதல் நாள் கால் டீஸ்பூன். காலையில்தான் கொடுக்க வேண்டும். தடிப்பு, வாந்தி வந்தால் கவனிக்கப் பகல் முழுதும் இருக்கிறது. அடுத்த புதுப் பொருள் மூன்று நாள் கழித்து. வேர்க்கடலையை ஒரு வயது தாண்டட்டும் என்று தள்ளிப்போடுவதில் லாபமில்லை, வறுத்து நைஸாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். முழுக்கடலை ஐந்து வயது வரை கூடாது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் இவை இரண்டையும் டாக்டரிடம் கேட்டபின்.

ஜூன் 15, சனி

கையில் பிடித்துத் தின்ன: வெந்த கேரட், விரல் நீளத்தில், விரல் கனத்தில். வட்டமாக நறுக்கினால் தொண்டைக்கு அளவெடுத்த மூடி. திராட்சையை நெடுக்காக நான்காகப் பிளக்க வேண்டும். இட்லி நல்லதுதான், ஆனால் ஆறிய இட்லி அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பருப்புத் தண்ணீரில் தோய்த்துக் கொடுங்கள். வேகாத ஆப்பிள் துண்டு, பொரி, முறுக்கு கிடையாது.

ஓங்கரிப்பதும் அடைப்பதும் வேறு வேறு. ஓங்கரித்தால் சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே துப்பிவிடும். அடைத்தால் சத்தமே வராது, அழவும் முடியாது. உடனே முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. திருப்பிப் போட்டு நெஞ்செலும்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டு எடுக்கப் போனால் இன்னும் உள்ளே போகும்.

ஜூன் 19, புதன்

பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு கரையத் தொடங்கும், தாய்ப்பாலில் அது குறைவு. கோழி ஈரல் 2 டீஸ்பூன், உள்ளே இளஞ்சிவப்பு மறையும் வரை வேகவைத்து, சாதத்தோடு மசித்து. வாரம் ஒரு தடவை போதும், வைட்டமின் ஏ அதிகம். சைவ வீட்டில் பருப்பும் முருங்கைக்கீரையும்; இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. அது இல்லாமல் கீரையின் இரும்பு உடம்பில் அவ்வளவாகச் சேராது. மீன் என்றால் வவ்வால், விரலால் உதிர்த்து முள் பார்த்து. பால்சுறா வேண்டாம், பாதரசம் கூடுதல்.

ஜூன் 22, சனி

பாப்பா சாப்பிட்ட கிண்ணத்தில் மிச்சமிருந்த கஞ்சி அரை மணியில் நீர்த்துக் கிடந்தது. எச்சில் கரண்டி பட்டதுதான் காரணம், எச்சிலிலும் அமைலேஸ் உண்டு. அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, ஆனால் வாய்க் கிருமியும் கூடவே போயிருக்கும். எடுத்து வைக்க வேண்டியதை ஊட்டுவதற்கு முன்பே தனியே எடுத்துவிட வேண்டும்.

சாதத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில், மறுநாளைக்கு மேல் இல்லை. வெளியே கிடக்கும் சாதத்தில் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் விஷம் சுடவைத்தாலும் போகாது. பருப்பு, பரங்கி மசியலை ஐஸ் டிரேயில் உறையவைக்கலாம். உருளைக்கிழங்கு மட்டும் தண்ணீர் விட்டு மணல் மாதிரி ஆகும். கரன்ட் போய் ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

ஜூன் 26, புதன்

கெட்டி உணவுக்கு மாறியதும் மலம் இறுகலாம். கொதித்து ஆறிய தண்ணீர் சாப்பாட்டோடு இரண்டு மூன்று வாய், தம்ளரில். ஊறவைத்து மசித்த உலர்திராட்சை ஆறேழு.

ஜூலை 3, புதன்

பதினோரு மாதம். இனித் தனிச் சமையல் மெல்லக் குறையும். சாம்பாரில் காய் வெந்ததும், உப்பு, மிளகாய்த்தூள், புளி விழுவதற்கு முன் இரண்டு கரண்டி எடுத்துவிட்டால் பாப்பாவின் பங்கு தயார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பெரியவர்கள் நாக்குக்கு. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். இனிப்புக்கு மசித்த பேரீச்சை இருக்கிறது. தேனும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட ஆகாது, அதிலுள்ள போட்டுலிசக் கிருமியின் வித்து இந்த வயதுக் குடலில் முளைத்துவிடும். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். தயிர்ச் சாதம் இப்போதே சரி.

அளவு: 250 மில்லி கிண்ணத்தில் இப்போது பாதி. அடுத்த மாதம் முதல் முக்கால்.