பதினோரு வருஷம் ரவிக்கை தைத்தவள் குவில்ட்டிங் தேர்வில் தோற்ற கதை

போன செவ்வாய்க்கிழமை குவில்ட்டிங் தேர்வு முடிவு வந்தது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கிற வேலைதான் குவில்ட்டிங். இரண்டாவது தடவையில் தேறிவிட்டேன். முதல் தடவை, முதல் நாள் பிளாக்குக்கு, அதாவது துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரத்துக்கு, 50க்கு 17. தக்கலைப் பக்கம் பதினோரு வருஷமாக ரவிக்கையும் சுடிதாரும் தைத்துப் பிழைக்கிறவளுக்கு 17! அன்றைக்கு வடசேரியில் பஸ் ஏறினவள் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, உடம்புக்கு முடியலையா என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இனி இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதில் என்னென்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். நான் எங்கே விழுந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

3½ இஞ்ச் சதுரம் ஒன்பது. சேர்த்துத் தைத்தால் 9½ இஞ்ச் வர வேண்டும். எனக்கு வந்தது 9¼. வெட்டியதில் தப்பில்லை, தையலில்தான் தப்பு. கால் இஞ்ச் பிடிக்க வேண்டிய இடத்தில் கண்ணளவில் அரை நூல் கூடுதலாகப் பிடித்திருக்கிறேன் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). அரை நூல்தானே என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியும் அரை அரை நூல் இழக்கிறது, ஆக ஒரு நூல். ஒரு வரிசைக்கு இரண்டு தையல், ஆக இரண்டு நூல். அங்கேயே கால் இஞ்ச் போயிற்று.

இதில் நான் செய்த கெட்டிக்காரத்தனம் வேறு. ஒரு வரிசை சரியாக வந்திருந்தது, மற்றது குட்டை. குட்டையை இழுத்துப் பிடித்து மூலைக்கு மூலை சேர்த்தேன். ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கும்போது அப்படித்தானே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு ஒப்பேற்றுவோம்? பிளாக் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. டீச்சர் அதை மேஜையில் போட்டு நடுவில் விரலால் அமுக்கினார். அமுங்கி, திரும்ப எழும்பியது. "மக்ளே, ரவிக்கைன்னா உடம்பு ஒத்துப்போகும். இது மேஜைமேல கிடக்கணும்லா" என்றார்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். நீங்களும் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டியை அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகம் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். எனக்கு முதல் நாள் நடுப்பட்டி ஒரு நூல் குறைந்தது. ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை உள்ளே தள்ளி, மெஷின் தட்டில் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டினேன். மயிரிழை எதற்கென்றால், தையலைத் திருப்பித் தேய்க்கும்போது மடிப்பே அவ்வளவு துணியைத் தின்றுவிடும். துணி ஓரம் அந்த டேப்பில் உரசிக்கொண்டே போக வேண்டும். ஊசியைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள்.

என் பாட்டி லேஸ் பின்னியவள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஏறக்குறைய இருநூறு வருஷம். பாட்டியின் திண்டில் குண்டூசி எல்லாம் அட்டையில் ஏற்கெனவே குத்தி வைத்த ஓட்டையில்தான் இறங்கும். அவள் பேத்திதான் கண்ணளவை நம்பிப் போனாள்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பழகிய மெஷினில் கால் இஞ்ச் ஃபுட் இருந்தது, அதாவது துணி ஓரத்தைக் கால் இஞ்சில் பிடிக்க உதவும் பாதம். தேர்வில் உட்கார வைத்தது வேறு மெஷினில். கேட்டதற்கு, "எல்லாம் மெஷின்தானே" என்று பதில். அதனால் டேப்பும் ஸ்கேலும் கையோடு கொண்டு போங்கள். முதல் பத்து நிமிஷம் மூன்று பட்டி தைத்துப் பாருங்கள். பக்கத்தில் எல்லோரும் கடகடவென்று ஓட்டுவார்கள். ஓட்டட்டும்.

மற்றவை:

- துணியை முன்பே நனைத்துக் காயப்போடுங்கள், சிவப்பைத் தனியாக. ஆனி, ஆடி மழையில் எங்கள் பக்கம் ஒன்றும் காயாது. மே மாதமே முடித்துவிடுங்கள்.
- இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். இழுத்தால் சதுரம் கோணும்.
- தேர்வன்று புது ஊசி. நான் போட்டது 14, பஞ்சு தடிமன் என்றால் 16.
- மூன்று அடுக்குக்கும் நடுவிலிருந்து வெளியே ஊக்கு குத்துங்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று.
- ஓரப்பட்டிக்குப் பயப்பட வேண்டாம். கழுத்துக்குப் பைப்பிங் வைத்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை.

மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்தி வளைவு வளைவாகத் தைப்பதில் நான் சுமார்தான். கோலம் போடுகிறவர்களுக்குச் சீக்கிரம் வரும் என்றார் டீச்சர். எங்களுடையது கோலம் போடுகிற வீடு இல்லை, கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவதோடு சரி. கை வேகமாகப் போனால் தையல் நீளும், கால் வேகமாகப் போனால் நூல் குவியும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் புள்ளி வைத்த கையுறை போட்ட பிறகு துணி வழுக்கவில்லை. பல்லை இறக்க வழியில்லாத பழைய கறுப்பு மெஷின் என்றால், தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்துப் பழகலாம். எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

டேப் இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் ரவிக்கையையும் தையலுக்குக் கால் இஞ்ச் மட்டும் விட்டு வெட்டி, அந்த டேப்பை ஒட்டியே தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தால் பிடிக்கிறது, பிரித்துவிட உள்ளே துணியே இல்லை. புதுத்துணி வாங்கிக் கொடுக்கணும்.