கீபோர்டைப் பாக்காம தமிழ் அடிக்கிறது

கோயில் தமிழ் வகுப்புல பெரிய பசங்க இப்பல்லாம் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, சயாமா (பர்மால டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவாங்க) உங்களுக்கு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை வரும்னுதான். ரங்கூன்ல ஆபீஸ் வேலைக்குப் போகணும்னா இங்கிலீஷும் பர்மாவும் வேகமா அடிக்கத் தெரியணும்னு வீட்லயே சொல்லி வளக்குறாங்க, அதனால ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் போட்டு ஒருத்தருக்கொருத்தர் போட்டி. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த ஸ்கிரீன்ஷாட்ல என் கண்ணு முதல்ல போறது, ஓரத்துல சின்னதா போட்டிருக்குற அக்யூரஸி சதவீதத்துக்குத்தான்.

95 சதவீதம்னு வந்தா பசங்க குதிக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 20 கீக்கு ஒரு தப்புன்னு அர்த்தம். தமிழ்ல ஒரு வார்த்தைக்கு 5, 6 கீ போகும்னு வச்சுக்குங்க, அப்ப மூணு நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிக்கணும், பேக்ஸ்பேஸ் போகணும், மறுபடி அடிக்கணும். ஒரு தப்புக்குக் குறைஞ்சது ரெண்டு கீ கூடுதல், அதுகூடப் பரவால்ல, ஓடிட்டிருந்த கை அறுந்து நிக்குது பாருங்க, அது திரும்ப ஓட ஆரம்பிக்கத்தான் நேரம் பிடிக்குது. அதனால நான் சொல்றது ஒண்ணுதான், தப்பே வராத வேகம் எதுவோ அதுல அடிங்க, அது ஆமை வேகமா இருந்தாலும் சரி. அந்த வேகத்துல ஒரு பக்கம் சுத்தமா வந்தா மட்டும் கொஞ்சம் கூட்டுங்க. தினம் 15 நிமிஷம் போதும், ஞாயித்துக்கிழமை ஒரேடியா மூணு மணி நேரம் உக்காந்தா கைவலிதான் மிச்சம்.

டைப்ரைட்டர் காலத்துலயும் இதேதான் பண்ணாங்க. இன்ஸ்டிடியூட்ல சேந்தா முதல் நாள் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடிக்க விடுவாங்க, அதையே பக்கம் பக்கமா. தமிழ்நாட்டுல டைப்ரைட்டிங் பரீட்சைக்கு ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45, அதுல தப்புக்கு மார்க் குறைப்பாங்க. 5 எழுத்து ஒரு வார்த்தைன்னு கணக்கு, இன்னைக்கு நெட்ல இருக்குற டெஸ்ட்லயும் பெரும்பாலும் அந்தக் கணக்குதான் ஓடுது.

இப்ப தமிழுக்கு வர்றேன், இதுக்காகத்தான் எழுத உக்காந்தேன்.

பசங்க எல்லாரும் போன்ல இங்கிலீஷ் எழுத்துல அம்மா, அப்பான்னு அடிச்சுட்டு மேல வர்ற தமிழ் வார்த்தையைத் தட்டிட்டுப் போறாங்க. அவசரத்துக்கு அது நல்லதுதான். ஆனா பர்மா பள்ளிக்கூடத்துல படிச்சு வீட்ல மட்டும் தமிழ் பேசுற பிள்ளைக்கு ல, ள, ழ மூணும் காதுல ஒண்ணாத்தான் விழுது, போன் அதுவா ஒண்ணைப் போட்டுக் குடுத்துட்டா எது சரின்னு அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தமிழ் எழுத்தையே நேரா அடிக்கிற தமிழ் 99ங்கிற கீபோர்டு அமைப்புல அந்தப் பேச்சே இல்ல. வலது ஆள்காட்டி விரல் இடது பக்கமா சாஞ்சு மேல போனா ள, அப்படியே சாஞ்சு கீழ இறங்குனா ல, சுண்டு விரல் கீழ இறங்குனா ழ. அதே ஆள்காட்டி விரல் சாயாம நேரா மேல போனா ற, நேரா கீழ வந்தா ர. பள்ளியும் பல்லியும் விரல்லயே வேற வேற. அறை, அரைன்னு பத்து தடவை அடிச்ச பிள்ளை நோட்டுல எழுதும்போதும் குழம்புறதில்ல, இதை நான் வகுப்புல கண்ணால பாக்குறேன். ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட அமைப்பு இது. உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, அதனால ரெண்டு பேர் எதிரெதிர நின்னு உலக்கை போடுற மாதிரி கை மாறி மாறி விழும். புள்ளி பாதி நேரம் அதுவாவே விழுந்துரும். க ரெண்டு தடவை அடிச்சா க்க, ங அடிச்சு க அடிச்சா ங்க, ம அடிச்சு ப அடிச்சா ம்ப. தம்பிக்கு த, ம, ப, இ, நாலே கீ, நாலும் நடு வரிசை, விரலைத் தூக்கவே வேண்டாம். அந்த, இந்த, எந்த, பந்து, கத்தி, பத்து, பக்கம், கம்பு எல்லாமே அப்படித்தான். 'அங்காள'ன்னு அடிக்க அ, ங, க, ஆ, ள, அஞ்சு கீ, அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா இன்னும் கூடப் போகும், ளவுக்கு ஷிஃப்ட் வேற. பப்பாளி மாதிரி வார்த்தைக்கு மட்டும் முதல் பவுக்கு அப்புறம் அ ஒண்ணு அடிக்கணும், இல்லாட்டி முதல் ப மேலயே புள்ளி விழுந்துரும்.

ஒரே குறை, வலது சுண்டு விரல்தான் பாவம். ந, ய, ச, ஞ, ண, ழ அத்தனையும் அதும் தலையிலதான். அதனால சுண்டு விரலுக்குன்னு தனியா பயிற்சி குடுக்கணும். நான் குடுக்குற வார்த்தை நியாயம். ந, இ, ய, ஆ, ய, ம, புள்ளி. நவும் ரெண்டு யவும் வலது சுண்டு விரல், இடைல இடது கை வந்து போகுது, இதைத் தடுமாறாம பத்து தடவை அடிச்சா நாய், செய், யார் எல்லாம் தண்ணி பட்ட பாடு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல விக்கிற கீபோர்டுல பர்மா எழுத்தும் இங்கிலீஷும்தான் இருக்கும், தமிழ் ஸ்டிக்கர் நான் தேடுன கடைல எங்கயும் கிடைக்கல. அது ரொம்ப நல்லதாப் போச்சு! கீழ பாத்தாலும் தமிழ் இல்ல, அப்புறம் எதுக்குப் பாக்கணும். எஃப், ஜே ரெண்டு கீ மேலயும் சின்ன மேடு இருக்கும், ரெண்டு ஆள்காட்டி விரலும் அங்க உக்காரணும், இடது புள்ளி மேல, வலது ப மேல. அமைப்போட படத்தை ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து கண்ணுக்கு நேரா சுவத்துல ஒட்டிருங்க. விண்டோஸ்ல தமிழ் 99 கூடவே வருது, வெளிய இருந்து எதையும் இறக்க வேண்டாம்.

பர்மா அடிக்கிறவங்களுக்கு விரல் புதுசாப் பழகுறது புதுசு கிடையாது. 2019 அக்டோபர் 1ல இருந்து நாடே ஸோஜிங்கிற பழைய பர்மா எழுத்துருவை விட்டு உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாறுச்சே, ஏகாரக் குறிய முதல்ல போட்டுப் பழகுன எத்தனை பேர் மெய் முதல்ல போடப் பழகுனாங்க. தமிழ் டைப்ரைட்டர்லயும் கொம்பு முதல்ல, தமிழ் 99ல க முதல்ல ஏ அப்புறம். அப்ப முணுமுணுத்தவங்க கை இன்னைக்கு யூனிகோடுல பறக்குது, அதனால வயசாயிருச்சு வராதுன்னு யாரும் என்கிட்ட சொல்லாதீங்க, அறுபதைத் தாண்டுன எங்க பெரியம்மா கோயில் நோட்டீஸ் அடிக்கிறாங்க.

மார்ச்ல பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வகுப்புல இதை ஆரம்பிக்கிறோம். கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, அதனால பேட்டரி நிக்கிற லேப்டாப்பா பாத்து ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணு, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் அடிக்கணும், வாசிக்கிறவங்க ளவை ளவாவே சொல்லணும். மோல்மேன், தட்டோன் பக்கம் வகுப்பு எடுக்குற அக்கா அண்ணனுக்கு பயிற்சித் தாள் வேணும்னா சொல்லுங்க, அனுப்புறேன். முதல் மூணு தாள் நடு வரிசை மட்டும், ழ நாலாவது தாள்லதான் வரும்.