உப்பில்லாத ஊருக்கு ஒரு டிக்கெட்

சின்னவள் படிக்கிற ஊர் மலைமேல் இருக்கிறது என்பதை அவள் வழக்கம்போலக் கடைசியில்தான் சொன்னாள். அதுவும் நாங்கள் ரோமில் வந்து இறங்கி, அத்தையின், அதாவது என் மாமியாரின், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. "பெருஜாவுக்கு ரயில் இருக்கும்மா. நேர் வண்டி கிடைக்கலைன்னா ஃபொலீன்யோவுல மாறணும். எனக்குக் கிளாஸ் இருக்கு, நீங்களே வந்துடுங்க. ஒண்ணும் கஷ்டமில்லை." இந்த 'ஒண்ணும் கஷ்டமில்லை' அவள் அப்பா வழிச் சொத்து. எங்கள் வீட்டில் யார் அதைச் சொன்னாலும் நான் கைப்பையில் கூடுதலாக ஒரு பட்டை தலைவலி மாத்திரை வைத்துவிடுவேன்.

ரோம் டெர்மினி ஸ்டேஷனில் 1 என்று ஒரு பிளாட்பாரம் உண்டு. '1 எஸ்ட்' என்று வேறொன்றும் உண்டு. முதல் பிளாட்பாரத்தில் போய் நின்றால் அடுத்தது பக்கத்தில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இருக்காது. அந்தப் பிளாட்பாரம் முடியும்வரை நடந்து, முடிந்த பிறகும் நடந்து, நம் டிக்கெட் இன்னும் செல்லுமா என்று சந்தேகம் வரும் இடத்தில் அது தொடங்கும். எந்தப் பிளாட்பாரம் என்று பலகையில் எழுத்து விழுவதே வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான். இவர் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் ஓட, அத்தை மட்டும் கோவில் பிராகாரம் சுற்றும் அதே நிதானத்தில் வந்தார். "போனா அடுத்த வண்டி வராதா?" வரும்தான். மாயவரத்தில் அப்படிச் சொல்லிச் சொல்லியே அவர் விட்ட வண்டிகளுக்குக் கணக்கே கிடையாது.

காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் பிளாட்பாரத்தில் உள்ள சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டலாம். போனில் எடுத்தால் இந்த முத்திரைத் தொல்லை கிடையாது. ஆனால் சட்டைப் பையில் தொட்டுப் பார்க்க ஒரு காகிதம் இல்லாமல் இவரால் பயணம் செய்ய முடியாதே! மூன்று டிக்கெட்டையும் குத்தினார். விழுந்த மையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்தியில்லை, மறுபடி குத்தினார். பின்னால் நின்ற அம்மாள் கைகளை ஆட்டி ஏதோ சொன்னார். வாழ்த்தியிருக்க மாட்டார்.

ஃபொலீன்யோவில் மாறி, புனித பிரான்சிஸின் ஊரான அசிசியை ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, ஃபோந்திவெஜ்ஜே என்ற பெருஜா ஸ்டேஷனில் இறங்கினோம். பழைய ஊர் முழுக்க மேலே. நாம் கீழே. மேலே போக மினிமெட்ரோ என்று ஒன்று இருக்கிறது. 2008-இல் திறந்தது. ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் ழான் நுவேல் என்ற பெரிய பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். குட்டிக் குட்டிப் பெட்டிகள் கம்பிவடத்தில் இழுபட்டு, ஒன்று போனால் அடுத்தது உடனே வந்து நிற்கும். ஃபோந்திவெஜ்ஜேயிலிருந்து மூன்றாவது நிறுத்தம் பின்செத்தோ, அங்கே இறங்கினால் ஊர் உச்சி. சின்னவள் சொன்ன வழியும் இதுதான்.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார். "டிரைவர் எங்கே?"

"டிரைவர் கிடையாதும்மா. தானா போகும்."

"அப்ப நீங்க போங்க."

"பழனியில விஞ்சுல போகலையா நீ? அதுவும் கயிறு கட்டி இழுக்கிறதுதானே?" என்றார் இவர்.

"அது முருகன் பொறுப்பு. இது யார் பொறுப்பு?"

இத்தாலிய அரசால்கூடப் பதில் சொல்ல முடியாத கேள்வி. சரி, பஸ் என்று முடிவானது.

பஸ் டிக்கெட் விற்பது சிகரெட் கடையில். 'T' என்று பெரிய எழுத்து போட்ட பலகை தொங்கும் தபாக்கி கடைகள்தான் இங்கே எல்லாவற்றுக்கும் கதி. ஸ்டாம்பு, லாட்டரி, பஸ் டிக்கெட், பிறகு அந்தச் சமாசாரம். இவர் அதை விட்டு எவ்வளவு நாளாகிறது, அதற்காக நான் எத்தனை பிரதோஷம் இருந்தேன் என்பதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. "நான் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பியவரின் நடையில் ரோமில் பெட்டி இழுத்த களைப்பு கொஞ்சமும் இல்லை. மூன்று டிக்கெட் வாங்கப் போனவர் வரவே இல்லை. வெயிலில் பெட்டிகளுக்குக் காவலாக நானும் அத்தையும். கடைசியில் வந்தார், வாயில் பெப்பர்மிண்டோடு.

பெப்பர்மிண்ட்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

பார்த்திஜானி சதுக்கத்தில் பாதி பஸ் இறங்கியது. இவரும் எங்களை இறக்கிவிட்டார். அங்கிருந்து மலைக்குள் புகுந்து மேலே போக எஸ்கலேட்டர்கள், ஒன்று முடிந்தால் இன்னொன்று. அத்தைக்கு எஸ்கலேட்டர் ஜென்மப் பகை. சென்னையில் நகைக்கடைக்குப் போனால்கூட லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கம்மலைப் பற்றியே விசாரிப்பார். இடது கையில் கொசுவத்தை அள்ளிப் பிடித்தார். வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தடம் இன்னும் இருக்கிறது. படி ஒன்று வரும், காலைத் தூக்குவார், அதை விட்டுவிடுவார். அடுத்தது வரும், "முருகா" என்பார், அதையும் விட்டுவிடுவார். பின்னால் புத்தக மூட்டைகளோடு கல்லூரிப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். ஒரு பையன்கூட முகம் சுளிக்கவில்லை. நாலாவது படியில் ஏறிவிட்டார்.

நடுவில் எஸ்கலேட்டர் ஓய்ந்து, ஒரு தெருவே வந்தது. மலைக்குள் தெரு! தலைக்குமேல் செங்கல் வளைவுகள், இருபக்கமும் வீட்டுச் சுவர், வாசல், திண்ணை உயரத்தில் கல். ஆள்தான் இல்லை. அத்தை அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "யார் வீடு இதெல்லாம்?"

இவர் போனைப் பார்த்துப் படித்தார். பாலியோனி என்று ஊரை ஆட்டிவைத்த குடும்பம், அவர்களுடைய வீடுகள். 1540-இல் போப் மூன்றாம் பவுல் உப்புக்கு வரியை ஏற்றினார். பெருஜாக்காரர்கள் கட்ட மாட்டோம் என்று எழுந்தார்கள். தோற்றார்கள். போப் இந்தத் தெருவின் மேலேயே வளைவு போட்டு மூடி, ரோக்கா பவோலினா என்று கோட்டை கட்டி உட்கார்ந்தார்.

"எதுக்கு வரி?"

"உப்புக்கு."

அத்தை பிறந்த ஊர் வேதாரண்யம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் உப்பு அள்ளினாரே, அந்த ஊர். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று கலெக்டர் உத்தரவு போட்டதும், ஜனங்கள் மரத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அத்தையின் தாத்தா அதை வேடிக்கை பார்த்தவர். கொஞ்ச நாளில் பொட்டலம் கட்டியவரானார். இப்போதைய நிலவரப்படி அந்த யோசனையே அவருடையது.

"அப்புறம் கோட்டையை இடிச்சாங்களா இல்லையா?"

"இடிச்சாங்க. 1860-க்கு அப்புறம், போப் ஆட்சி போனதும். அடியில இருக்கிற இதுதான் மிச்சம். 1983-ல இதுக்குள்ள எஸ்கலேட்டர் போட்டாங்க."

மனதுக்குள் கணக்குப் போட்டார். "முந்நூறு வருஷமா? லேட்டுதான். பரவாயில்லை." எழுந்தார். அடுத்த எஸ்கலேட்டரில் முருகனைக் கூப்பிடவே இல்லை.

மேலே இத்தாலியா சதுக்கத்தில் சின்னவள் நின்றிருந்தாள். இளைத்திருக்கிறாள். கேட்டால் இல்லை என்பாள். அறையில் ரொட்டியும் தக்காளியும் எடுத்து வைத்தாள். இந்த ஊர் ரொட்டியில் உப்புப் போட மாட்டார்கள். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று என் உப்புமாவைத் தள்ளி வைத்தவர் என் மாமியார். நான் அவசரமாக ஊறுகாய் பாட்டிலைத் தேடினேன்.

"வரி போட்டான்னு அன்னைக்கு நிறுத்தினதுதான், இன்னும் போடலைன்னு ஊர்ல சொல்வாங்க அப்பாயி," என்றாள் சின்னவள். "ஆனா அது வெறும் கதை, அதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"ஆதாரம் கிடக்கு விடு," என்றார் அத்தை. ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, அந்தக் காய்ந்த ரொட்டியை மென்று, மென்று, முழுத் துண்டையும் தின்றார். எனக்குத் தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லை.

பேச்சு வாக்கில் சின்னவள் இன்னொன்றும் சொன்னாள். இத்தாலியில் உப்பு ரொம்ப காலம் அரசாங்க ஏகபோகமாக இருந்ததாம், புகையிலையோடு சேர்த்து ஒரே கடையில் விற்பார்களாம். பழைய தபாக்கிப் பலகைகளில் 'உப்பு, புகையிலை' என்றே இன்னும் இருக்கிறதாம்.

"அதான்!" என்றார் இவர், யாரும் கேட்காமலே. "அந்தப் பலகையைத்தான் நின்னு படிச்சிட்டிருந்தேன்."

இத்தாலிய மொழியில் இவருக்குத் தெரிந்தது 'பிட்சா'. நாளைக்கு அசிசி போகப் பஸ் டிக்கெட் வாங்க வேண்டும். நான்தான் கடைக்குப் போகிறேன்.