வேண்டியதை மட்டும் இறக்கும் வசதி
கோத்தகிரியில் இன்று மதியம் மழை பிடித்ததும் கைபேசி இணையம் தவழத் தொடங்க, ரஸ்ட் நிரல்மொழி கற்க உட்கார்ந்த அக்கா மகளின் மடிக்கணினியில், அதை நிறுவும்போது ஆவணங்களை இறக்கும் 'ரஸ்ட்-டாக்ஸ்' என்ற வரி நகராமல் நின்றது.

நிரலைக் கம்பைல் செய்ய, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்ற, அந்த ஆவணங்கள் தேவையே இல்லை.

ரஸ்டை நிறுவும் கருவியான ரஸ்ட்அப்பின் 1.20 பதிப்போடு 2019இல் வந்த 'மினிமல்' தெரிவில் கம்பைலர், அடிப்படை நூலகம், திட்டங்களைக் கட்டமைக்கும் கருவியான கார்கோ மட்டுமே இறங்கும். நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் ரஸ்ட்எஃப்எம்டி, பிழையான பழக்கங்களைச் சுட்டும் கிளிப்பி, ஆவணங்கள் ஆகியவற்றை வேண்டும்போது தனித்தனியே சேர்த்துக்கொள்ளலாம். 'மினிமல்' தெரிவைத் தேர்ந்தெடுத்ததும் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

பிரிப்பதிலும் சிக்கல் உண்டு: இரவுதோறும் வரும் சோதனைப் பதிப்பான நைட்லி வெளியீட்டில் சில நாள் கிளிப்பி விடுபட்டுப்போகக்கூடும், அப்போது அது இருக்கும் பழைய நாளை ரஸ்ட்அப் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கும்.

ஆனாலும், மழைக்கே இணையம் படுத்துவிடும் எங்களைப் போன்றவர்களை எண்ணியாவது, நிறுவும்போது முதலில் 'மினிமல்' தெரிவையே முன்வைத்திருக்கலாம்.