ஆர்ஜியை எனக்குக் காட்டிய விருது

வருடத்தின் சிறந்த கே நாவல், அதாவது ஆணை விரும்பும் ஆண்களின் கதை சொல்லும் நாவல், எது என்று அறிவிப்பு வரும் நாளை நான் பல வருடங்களாகக் காத்திருந்து கொண்டாடி வருகிறேன். அமெரிக்காவில் கொடுக்கப்படும் லாம்ப்டா இலக்கிய விருதைத்தான் சொல்கிறேன். இறுதிப் பட்டியல் வந்ததுமே உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தேடி, எது எங்கே கிடைக்கும், எது என் கைக்காசுக்குள் அடங்கும், எதை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று குறித்து வைத்துக்கொள்வேன். "இதற்கெல்லாம் எதற்குத் தனியாக ஒரு விருது, நல்ல நாவல் என்றால் பொதுவாகவே ஜெயிக்கட்டுமே" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு அந்த விருது பிறந்த கதையே பதில் சொல்லிவிடும்.

வாஷிங்டனில் 1974-இல் லாம்ப்டா ரைசிங் என்று தன்பாலீர்ப்பாளர்களுக்கான ஒரு புத்தகக் கடை திறந்தார்கள். கடையை நடத்திய டீக்கன் மக்கபின் 1987-இல் இந்த வகைப் புத்தகங்களுக்காகவே ஒரு மதிப்புரை இதழ் தொடங்கினார், அதிலிருந்து கிளைத்ததுதான் விருது. முதல் விழா நடந்தது 1989-இல். அது எய்ட்ஸ் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோன காலம், முதல் வருட விருதுகளிலேயே எய்ட்ஸ் பற்றிய எழுத்துக்கென்று ஒரு பிரிவு வைக்க வேண்டியிருந்தது. 1991-இல் கே புனைவுக்கான விருது ஆலன் பார்னெட்டின் சிறுகதைத் தொகுப்புக்குப் போனது. அவர் எழுதியது அந்த ஒரே புத்தகம்தான், அதே வருடம் 36 வயதில் எய்ட்ஸால் இறந்துபோனார். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் செத்துக்கொண்டிருக்கும்போது, இந்த வருடம் நம் ஆட்கள் எழுதியதில் இது சிறந்தது, இதைப் படியுங்கள், பத்திரமாக வைத்திருங்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்து நின்று சொல்லியிருக்கிறது. பொது விருதுகள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

சரி, இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தது, எனக்கும் அதற்கும் என்ன என்றால், ஆர்ஜி என்ற கதை நாயகன் எனக்குக் கிடைத்தது அந்த விருதால்தான். இருபது வயதில், வெளியே யாரிடமும் எதுவும் சொல்லாத காலத்தில், லாம்ப்டா வாங்கிய புத்தகங்களின் பழைய பட்டியலைப் படித்துக்கொண்டே போனபோது நடுவில் ஷியாம் செல்வதுரை என்று ஒரு பெயர். செல்வதுரை! அந்தப் பெயரை எத்தனை தடவை திரும்பப் படித்தேன் என்று கணக்கில்லை. கொழும்பில் பிறந்தவர், அப்பா தமிழர், அம்மா சிங்களவர், 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனவர். 1994-இல் வந்த 'ஃபன்னி பாய்' அவருடைய முதல் நாவல்.

ஆறு கதைகளாகக் கோத்த நாவல் அது. முதல் கதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் அம்மாச்சி வீட்டில் கூடுவார்கள். பையன்கள் வீட்டுக்கு முன்னால் கிரிக்கெட் விளையாட, ஆர்ஜி மட்டும் பின்பக்கம் பெண் பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டில் இருப்பான். மணப்பெண் அவன்தான். சேலை சுற்றி, அலங்காரம் முடிந்து, கண்ணாடியில் தன்னையே பார்க்கும்போது அவனுக்கு வரும் அந்தப் பூரிப்பை செல்வதுரை அவசரமே இல்லாமல் எழுதியிருப்பார். அப்புறம் சொந்தக்காரப் பெண் ஒருவர் அவனைச் சேலையோடே பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் மொட்டை மாடியில் நின்றேன். என் அத்தை வீட்டுக் கூடமும் அப்படித்தான் இருக்கும், அங்கேயும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள்.

ஆனால் இந்த நாவலை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் அந்தக் காட்சி மட்டும் இல்லை. ஆர்ஜி வளர வளர ஊரும் மோசமாகிக்கொண்டே போகிறது. ராதா அத்தை சிங்களப் பையனோடு பழகுகிறாள், ரயிலில் தமிழர்களை அடிக்கிறார்கள், அந்த உறவு அதோடு உடைந்துபோகிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஆர்ஜிக்கு ஷெஹான் மேல் காதல் வருகிறது. ஷெஹான் சிங்களவன். 1983 ஜூலையில் வீடு எரிந்த பிறகு ஒருநாள், தான் தமிழன், இவன் சிங்களவன் என்பது ஆர்ஜிக்குச் சட்டென்று உறைக்கும், அதுவரை அவர்களுக்கு நடுவில் இல்லாத ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். கே கதை தனி, இனக் கலவரக் கதை தனி என்று இதைப் பிரித்துவிடவே முடியாது. ஒரே பையனின் உடம்பில்தான் இரண்டும் நடக்கின்றன. கே புனைவு என்றால் ஏதோ சின்ன அறைக்குள் நடக்கிற கதை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தப் புத்தகம்தான்.

2022-இல் ஷெஹான் கருணதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா' புக்கர் வாங்கியபோது நான் வீட்டில் பாயசம் வைத்தேன். செத்துப்போன ஒரு புகைப்படக்காரன், தன்னைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள ஏழு நிலவுக் காலம் அவகாசம், கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த படங்கள், அவற்றில் 1983-இல் எடுத்தவையும் இருக்கின்றன. அவன் நேசித்தது டிடி என்ற தமிழ்ப் பையனை, ஒரு மந்திரியின் மகன். அந்த வாரம் நான் படித்த சில குறிப்புகளில் போர் இருந்தது, பேய்கள் இருந்தன, டிடி மட்டும் இல்லை. எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. மாலி செத்த பிறகும் அலைவதில் பாதி அந்தப் பையனுக்காக, அதை விட்டுவிட்டு அந்தக் கதையை எப்படிச் சொல்வது? இலங்கையின் தண்டனைச் சட்டத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் புக்கர் கிடைத்த அன்றும் அப்படியே இருந்தன என்பதையும் சேர்த்து யோசித்தால் டிடியை விட்டுவிட மனம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989-இல் லாம்ப்டாவின் முதல் கே புனைவு விருதை வாங்கியவர் எட்மண்ட் வைட். அவர் பெயரில் பப்ளிஷிங் டிரையாங்கிள் என்ற அமைப்பு முதல் புனைவு நூல்களுக்கு ஒரு விருது கொடுக்கிறது. 2018-இல் அதை வாங்கியது எஸ்.ஜே. சிந்து, இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழர். விருது வாங்கிய அவருடைய நாவலில் லக்கி என்ற பெண், கிருஷ்ணா என்ற ஆண், இருவரும் தன்பாலீர்ப்பாளர்கள், வீட்டுக்காகக் கல்யாணம் செய்துகொண்டு நடிப்பார்கள். அந்த நாவலில் லக்கி அம்மா வீட்டுக்குப் போகும் பக்கங்களில் எல்லாம் எனக்கு வயிறு இறுகும். சேலை, சடங்கு, சொந்தக்காரர் கேள்விகள் என்று எல்லாமே நமக்குத் தெரிந்தவை. எட்மண்ட் வைட் 2025 ஜூனில் காலமான செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது லக்கிதான்.

போன மாதம் அத்தை மகன் ஊரிலிருந்து வந்திருந்தான், பத்தொன்பது வயது. என் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றவன் 'ஃபன்னி பாய்' புத்தகத்தை எடுத்து, "இது எதைப் பற்றிண்ணா?" என்றான். கொழும்பில் ஒரு தமிழ்ப் பையன், அவனுக்கு இன்னொரு பையனைப் பிடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அட்டையைத் தடவிக்கொண்டே நின்றான். ஊருக்குப் போகும்போது கேட்காமலே பையில் வைத்துக் கொண்டுபோய்விட்டான். நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தான், கடைசிக் கதையில் எரிந்த வீட்டை மழையில் திரும்பிப் பார்க்கும் இடம் வந்துவிட்டதாம். "அண்ணா, இது மாதிரி வேற இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். இந்த வருடப் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறேன், அவனுக்கு எதை முதலில் அனுப்புவது என்று இன்னும் முடிவாகவில்லை.